கவச உடைக்குள் ஆறு மணி நேரம்: பெருந்தொற்றும் மதுரை மருத்துவமனைப் பணியாளர்களும்

தமிழ்நாட்டில் கோவிடுக்கு முதல் உயிர் போனது மதுரையில். 2020 மார்ச் 25, நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், அரசு இராசாசி மருத்துவமனையில் அந்த இறப்பு பதிவாயிற்று. வயதானவர்கள் இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றும், சுற்றுப்பட்டுக் கிராமத்தார் பெரியாஸ்பத்திரி என்றும் சொல்லும் அந்த வளாகத்துக்குச் சாவு புதிதல்ல. தேனி, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் என எந்த மாவட்டத்தில் கைவிரித்தாலும் ஆம்புலன்ஸ் கடைசியில் கோரிப்பாளையம் வந்துதான் நிற்கும். நோயாளியின் மூச்சுக்காற்று தன்னையும் படுக்கவைக்கலாம், தன் வழியாக வீட்டிலிருக்கும் தாயையும் பிள்ளையையும் படுக்கவைக்கலாம் என்ற அச்சத்தோடு, மருத்துவர் முதல் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் வரை எல்லாரும் ஒரே சமயத்தில் வேலை பார்த்தது மட்டுமே புதிது. ஊருக்கு வெளியே தோப்பூரில், ஒருகாலத்தில் காசநோயாளிகளை ஒதுக்கி வைப்பதற்கென்று காற்றோட்டமாகக் கட்டப்பட்ட நெஞ்சக மருத்துவமனையும் சில வாரங்களில் கோவிட் மருத்துவமனையாக மாறியது. காற்றில் பரவும் நோயோடு பழகிய இடம் என்பதால் அந்தத் தேர்வு பொருத்தமானதுதான்.

மருத்துவமனைப் பணியாளரின் நலம் என்று பேச்செடுத்தால், அது பெரும்பாலும் மனத்திடம், தியாகம், கவுன்சலிங், யோகா என்ற பக்கமாகவே போய்விடுகிறது. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு செவிலியர் எவ்வளவு தளர்ந்துபோனார் என்பதை அவருடைய மனத்திடத்தைவிட, வார்டு சுவரில் ஒட்டியிருந்த பணிப்பட்டியல்தான் அதிகம் தீர்மானித்தது. எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை நோயாளிக்கு, எந்த ஒப்பந்தத்தின்பேரில் என்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு மனநலத்தை மட்டும் பேசினால், காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் தைலம் தடவிய கதையாகிவிடும்.

முதலில் உடையிலிருந்து தொடங்கலாம். பணியாளர்கள் ‘கிட்’ என்று சுருக்கிச் சொன்ன கவச உடை காற்றும் நீரும் புகாத துணியால் ஆனது. புகாது என்பதால்தான் அது கவசம். உள்ளிருக்கும் வியர்வையும் வெளியே போகாது. தொற்றுப்பரவலுக்கு அஞ்சிப் பல வார்டுகளில் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். மதுரையின் மே மாத அக்னி நட்சத்திர வெயிலில், அந்த உடைக்குள் முதல் அரைமணி நேரத்திலேயே உள்சட்டை நனைந்துவிடும். கண்ணாடியில் ஆவி படியும், துடைக்க வழியில்லை. இரண்டு கையுறைகளுக்குள் விரல்கள் நீரில் ஊறியதுபோலச் சுருங்கிவிடும். அந்த விரல்களால், மங்கிய கண்ணாடி வழியாக, நீர்ச்சத்து குறைந்த ஒரு முதியவரின் கையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்ற வேண்டும். என்95 முகக்கவசத்தின் விளிம்பு அழுத்தி மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் புண்ணாகும். முகம் தெரியாததால் யார் டாக்டர், யார் சிஸ்டர் என்று யாருக்கும் புரியாது; மார்க்கர் பேனாவால் முதுகில் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே போனார்கள்.

உள்ளே போன பிறகு தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது. கழற்றினால் அந்த உடை குப்பைக்குத்தான் போகும், 2020இன் முதல் மாதங்களில் அடுத்த உடைக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே டியூட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவது வழக்கமாயிற்று. செவிலியர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதவிடாய் நாட்களில் ஆறு மணி நேரம் அந்த உடைக்குள் நிற்பது என்னவென்று பணிப்பட்டியல் போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. சிறுநீர்த்தொற்று, தலைவலி, தோல்புண் என இவையெல்லாம் பெரிய நோய்களின் கணக்கில் சேராதவை. ஆனால் ‘பணிச்சூழல்’ என்று அறிக்கைகளில் வரும் அந்தப் பெரிய சொல்லின் பொருள் இவைதான்.

உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதுதான் ஆபத்தானது. வைரஸ் படிந்திருக்கக்கூடிய வெளிப்பக்கம் தோலில் படாமல், வரிசை மாறாமல், ஒவ்வொரு படிக்கும் கையைச் சுத்தம் செய்துகொண்டு, முகக்கவசத்தைக் கடைசிப் பக்கமாகக் கழற்ற வேண்டும். தாகமும் களைப்பும் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், எப்போது இதை உரித்துப் போடுவோம் என்று உடம்பு தவிக்கும் வேளையில், மிகுந்த நிதானத்தைக் கேட்கிறது அந்த வேலை. கவனம் சிதறித் தவறு நேர்வதும் அங்கேதான். சோர்வு ஒரு மனநிலை மட்டுமல்ல, தொற்று நுழையும் வாசலும்கூட என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இந்த உடை பணிப்பட்டியலின் கணக்கையே புரட்டிப் போட்டது. வழக்கமான வார்டை மூன்று ஷிப்டுகளில் ஓட்டலாம். கவச உடையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நிறுத்த முடியாது என்றால் நான்கு ஷிப்டுகள் வேண்டும். முதல் அலையில், ஒரு வாரம் கோவிட் வார்டில் பணி செய்தவர் அடுத்த வாரம் தனிமையில் இருக்க வேண்டும் என்ற முறை இருந்தது. அப்படியானால் நான்கு குழுக்களும் இரட்டிப்பாக வேண்டும். மூன்று பேரை வைத்து ஓட்டிய இடத்துக்கு எட்டுப் பேர் தேவைப்படும், அதுவும் படுக்கைகளின் எண்ணிக்கை கூடாமல் இருந்தால். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற விதியையும் சேர்த்துப் பார்த்தால், எந்த அரசு மருத்துவமனையின் பணியிடப் பட்டியலும் தாங்காது. சாதாரண நாட்களிலேயே நிரப்பப்படாத இடங்களோடு ஓடுகிறவை அவை.

கணக்கு உதைத்தபோது முதலில் வெட்டப்பட்டது ஓய்வுதான். முழுக் கவசத்தோடு பணி செய்தவர்களைப் பொதுவாகத் தனிமைப்படுத்தத் தேவையில்லை, பாதுகாப்பு மீறப்பட்ட நிகழ்வு இருந்தால் மட்டும் போதும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே 15 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. இது உச்ச நீதிமன்றம் வரை போய், தனிமைக் காலத்தைப் பணிக்காலமாகவே கருத வேண்டும் என்ற தெளிவு பின்னர் வந்தது. நோய்ப்பரவல் நோக்கில் அந்த வழிகாட்டுதலுக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் தனிமை வாரம் என்பது தொற்றைத் தடுக்கும் ஏற்பாடு மட்டுமல்ல, உடம்பு மீளும் வாரமும் அதுவே என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆள் பற்றாக்குறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வைரஸால் நேராக வந்ததல்ல, தேர்வு நாட்காட்டியால் வந்தது. மதுரை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இரவுப் பணியின் முதுகெலும்பு, ‘பி.ஜி.’ என்று அழைக்கப்படும் முதுநிலை மாணவர்கள். மூன்று ஆண்டு மாணவர்களும் சேர்ந்திருந்தால்தான் வார்டு ஓடும். 2021 ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த முதுநிலை நீட் தேர்வு இரண்டாம் அலையால் ஒத்திவைக்கப்பட்டு, செப்டம்பர் 11 அன்றுதான் நடந்தது. பிறகு இடஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வு தள்ளிப்போய், 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. ஆக ஏறத்தாழ ஓராண்டுக் காலம், மூன்று தொகுதி மாணவர்கள் பார்க்க வேண்டிய வேலையை இரண்டு தொகுதியினர் பார்த்தார்கள். எலும்பு முறிவு அறுவை கற்க வந்தவரும் கண் மருத்துவம் படிக்க வந்தவரும் கோவிட் வார்டில் ஆக்சிஜன் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் துறையில் கைப்பயிற்சி பெற வேண்டிய மாதங்கள் அவர்களுக்கு அப்படியே போயின. படிப்பு முடித்து வெளியே வந்தபோது கையில் சான்றிதழ் இருந்தது, கைப்பழக்கம் அந்த அளவுக்கு இல்லை. இந்த இழப்பு எந்த ஊக்கத்தொகைப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

இரண்டாம் அலை வேறு மாதிரியானது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அதுவே மாநிலத்தின் உச்சம். தோப்பூரில் கூடுதலாக 500 ஆக்சிஜன் படுக்கைகள் அந்த மாதம்தான் திறக்கப்பட்டன. கட்டிலும் குழாயும் சில வாரங்களில் போட்டுவிடலாம். அந்தக் கட்டிலருகே நிற்கத் தெரிந்த ஆளை அப்படி உருவாக்க முடியாது.

அன்றைய நெருக்கடி எப்படிப்பட்டது என்பதை ஒரு சிலிண்டரை வைத்துச் சொல்லலாம். ஆளுயர ‘டி’ வகை சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வாங்கும் நோயாளிக்கு அது பதினோரு மணி நேரத்துக்கு மேல் வரும். மூக்கு வழியே அதிவேகமாகச் செலுத்தும் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும். அந்தக் கணக்கில் அதே சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. குழாய் இணைப்பு இல்லாத இடத்தில் அப்படி ஒரு நோயாளி இருந்தால், இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் கண் அளவுமானியை விட்டு நகராது. முள் இறங்க இறங்க, மாற்றுச் சிலிண்டர் உருட்டி வருகிற ஊழியரின் காலடிச் சத்தத்துக்காகக் காது காத்திருக்கும். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் இருந்து, “ஏத்தா, மூச்சு முட்டுது, கொஞ்சம் தூக்கி உக்கார வையி” என்று குரல் வரும். அதற்கடுத்த கட்டிலில் மானிட்டர் அலறும். எதை முதலில் பார்ப்பது என்ற முடிவை அவர் ஓர் இரவில் எத்தனையோ முறை எடுத்தாக வேண்டும். விடிந்த பிறகும் அந்த முடிவுகள் கூடவே வீட்டுக்கு வரும்.

இதற்குப் பெயர் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜொனதன் ஷே ‘அறக்காயம்’ என்ற பொருளில் ஒரு சொல்லை முன்வைத்தார். சரி என்று தான் நம்புவதைச் செய்ய முடியாமல்போவதால், அல்லது அதற்கு எதிராக நடக்க வேண்டி வருவதால் உண்டாகும் காயம் அது. பயத்தால் வரும் அதிர்ச்சியிலிருந்து இது வேறுபட்டது; பயம் ஆபத்து நீங்கினால் குறையும், இது அதன்பிறகுதான் குடையத் தொடங்கும். உறவினரை உள்ளே விட முடியாத அந்த வார்டுகளில், சாகிறவரின் கையைக் கடைசியாகப் பிடித்தது கையுறை போட்ட வேற்றாளின் கைதான். நம் பக்கத்தில் ஒருவர் போகும்போது வாயில் பால் ஊற்றப் பிள்ளைகள் நிற்க வேண்டும். அந்த இடத்தில் செல்பேசியை வீடியோ அழைப்பில் பிடித்துக்கொண்டு நின்றவர் செவிலியர். உடலைப் பையில் கட்டிப் பெயர்ச்சீட்டு ஒட்டி, தத்தனேரி மயானத்துக்கு அனுப்பும் வரை, துக்கத்தின் சடங்குகளையெல்லாம் வேலையாகச் செய்து முடித்துவிட்டு அடுத்த நோயாளியை அதே கட்டிலில் ஏற்றினார்கள்.

பணிச்சோர்வுக்கும் அறக்காயத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, தன் வேலையால் பயனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் கூறுகள். ‘பணியிட’ என்ற அந்த ஒரு சொல் முக்கியமானது: கோளாறு ஆளிடம் இல்லை, இடத்தில் இருக்கிறது என்று அது ஒப்புக்கொள்கிறது.

கோவிட் தொடங்கிய சில வாரங்களிலேயே சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 பணியாளர்களிடம் நடத்திய ஆய்வில் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மூன்றில் ஒருவருக்குத் தூக்கமின்மை இருந்தது. செவிலியர், பெண்கள், முன்வரிசையில் நின்றவர்கள் ஆகியோரிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது. அதைவிடப் பயனுள்ளது பழைய ஆய்வு ஒன்று. 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று தாக்கிய, கனடாவின் டொரண்டோ நகர மருத்துவமனைப் பணியாளர்களை, சார்ஸ் நோயாளிகளைப் பார்க்காத பக்கத்து நகரமான ஹாமில்டனின் பணியாளர்களோடு ஒப்பிட்டார்கள். நோய் ஓய்ந்து ஓராண்டு முதல் இரண்டாண்டு கழித்தும் டொரண்டோவில் சுமார் 30 விழுக்காட்டினர் பணிச்சோர்வில் இருந்தார்கள். ஹாமில்டனில் 19 விழுக்காடு. பயிற்சி, பாதுகாப்பு, நிர்வாகத்தின் துணை ஆகியவை தங்களுக்குப் போதுமான அளவு கிடைத்ததாக உணர்ந்தவர்களிடம் பாதிப்பு குறைந்திருந்தது. பெருந்தொற்று முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் நாளில் பணியாளருக்கு அது முடிவதில்லை என்பதும், அதன் வடு எவ்வளவு ஆழமாக விழும் என்பதில் நிர்வாகத்துக்குப் பங்குண்டு என்பதும் கோவிடுக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டவை.

மருத்துவமனை வாசலுக்கு வெளியே வந்தாலும் வேலை விடவில்லை. பேருந்துகள் நின்றுபோன ஊரடங்கில் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பணிக்கு வந்தவர்கள், சிறப்புப் பேருந்தைத் தவறவிட்டால் யாருடைய பைக்கின் பின்னிருக்கையையாவது நம்ப வேண்டியிருந்தது. வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்கள், மாடிப்படியில் எதிரே வரத் தயங்கிய பக்கத்து வீட்டார், பால்பாக்கெட்டைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போனவர்கள் என்று அந்த நாட்களின் சிறுமைகளைப் பற்றி ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில், கோவிடால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அதன்பின் அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே மாதம் 22ஆம் தேதி, 1897இன் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஐந்தாண்டு வரையும் கொடுங்காயம் விளைவித்தால் ஏழாண்டு வரையும் சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. பம்பாயைப் பிளேக் வாட்டியபோது பிரிட்டிஷார் இயற்றிய சட்டத்தில், 123 ஆண்டுகளுக்குப் பிறகுதான் சிகிச்சை அளிப்பவரின் பாதுகாப்பு என்ற பகுதி சேர்ந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சித்திரைத் திருவிழா பக்தர்களின்றி நடந்தது. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. வைகையின் குறுக்கே உள்ள ஏ.வி. பாலத்தின் மேல் கூட்டம் நிற்க வேண்டிய நாட்களில், அந்தப் பாலத்தின் வழியே டியூட்டிக்குப் போனவர்கள் வெறும் வைகையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

‘மருத்துவமனைப் பணியாளர்’ என்று ஒரே சொல்லால் எல்லாரையும் அள்ளிவிடுகிறோம். ஆனால் அதற்குள்ளே ஏணிப்படிகள் இருக்கின்றன. கோவிட் வார்டில் மருத்துவர் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரலாம். செவிலியர் ஷிப்டு முழுவதும் உள்ளே நிற்க வேண்டும். தரையையும் கழிப்பறையையும் துடைத்து, கழற்றிப்போட்ட கவச உடைகளை மஞ்சள் பையில் கட்டி எடுத்துப்போன தூய்மைப் பணியாளரின் கை எல்லாவற்றையும் தொட்டது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையின் ஊழியர்களே அல்ல; ஒப்பந்ததாரரின் ஆட்கள். முதல் மாதங்களில் பாதுகாப்புப் பொருட்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தரமான முகக்கவசம் பதவி வரிசையில் மேலிருந்து கீழே இறங்கி வந்தது; அடிப்படிக்கு வருமுன் தீர்ந்தது. ஆபத்து கீழிருந்து மேலே ஏறுகையில் பாதுகாப்பு மேலிருந்து கீழே இறங்கியது என்று இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் திட்டமிடாமல் விட்டால் அப்படித்தான் ஆகும்.

உலக அளவில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை 80,000 முதல் 1,80,000 வரையான சுகாதாரப் பணியாளர்கள் கோவிடால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இரண்டு எண்களுக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருப்பதே, யார் இறந்தார்கள் என்று எண்ணிவைக்கும் பழக்கம் எங்கும் சரியாக இல்லை என்பதைக் காட்டுகிறது. செவிலியரைப் போற்றுவதற்காக, நைட்டிங்கேல் பிறந்த இருநூறாம் ஆண்டை ஒட்டி அந்த நிறுவனம் தேர்ந்தெடுத்த ஆண்டும் இதே 2020தான்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பணியின்போது தொற்றி இறந்தால் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் என்ற மத்திய காப்பீடு ஒப்பந்தப் பணியாளர், தினக்கூலி உட்பட அனைவருக்கும் அறிவிக்கப்பட்டது. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு, ஏப்ரல் முதல் ஜூன் வரையான பணிக்கு ஊக்கத்தொகையாக மருத்துவர்களுக்கு 30,000, செவிலியர்களுக்கு 20,000, மற்றவர்களுக்கு 15,000 ரூபாய் அறிவித்தது. 2021 ஜனவரி 16 அன்று, அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டைத் தொடங்கிவைத்த அன்றைய முதலமைச்சர், அதே நாளில் இராசாசி மருத்துவமனையில் மாநிலத்தின் தடுப்பூசிப் பணியையும் தொடங்கிவைத்தார். முதல் வரிசையில் நின்றவர்கள் மருத்துவப் பணியாளர்கள். தொடக்க வாரங்களில் அவர்களிலும் பலர் தயங்கினார்கள். ஆனால் இரண்டாம் அலை வந்தபோது அந்த ஊசி பல பணியாளர்களின் உயிரைக் காத்தது. பணியாளர் நலத்துக்காக அந்தக் காலத்தில் நடந்தவற்றில் ஆகப் பெரியது இதுதான் என்பது என் மதிப்பீடு. கைதட்டலும் ஹெலிகாப்டரிலிருந்து தூவிய பூவும் அதற்குப் பக்கத்தில் வராது.

வேலையின் நிரந்தரம் என்ற கேள்விக்கு மட்டும் கைவைக்கப்படவில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான செவிலியர்களே மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தவர்கள்; நிரந்தரத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தபோதே பெருந்தொற்று வந்தது. 2020இல் அவசரமாக எடுக்கப்பட்டவர்களுக்கு மாதம் 14,000 ரூபாய், ஆறு மாத ஒப்பந்தம். அலை ஏறும்போது ஒப்பந்தம் நீண்டது. இறங்கும்போது அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாமல் வார்டில் நின்றார்கள். நிரந்தரப் பணியாளருக்கு அச்சம் நோயைப் பற்றி மட்டும். இவர்களுக்கு நோய் குறைவதும் அச்சம்தான்.

2022 டிசம்பரில் சீனாவில் தொற்று மீண்டும் பெருகியபோது, அந்த மாதம் 27ஆம் தேதி நாடு முழுவதும் மருத்துவமனைகளில் கோவிட் ஒத்திகை நடத்தினார்கள். ஆக்சிஜன் குழாய் வேலை செய்கிறதா, வென்டிலேட்டர் ஓடுகிறதா, எத்தனை படுக்கை தயார் என்று சரிபார்த்தார்கள். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 31 அன்று, பெருந்தொற்றுக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணிக்காலம் இனி நீட்டிக்கப்படாது என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாற்றுப்பணி தருவதாகப் பின்னர் சொல்லப்பட்டது. ஆனால் புத்தாண்டின் முதல் நாட்களை அவர்கள் போராட்டப் பந்தலில்தான் கழித்தார்கள். ஒத்திகையில் சரிபார்க்கப்பட்ட கருவிகள் வார்டுகளிலேயே இருந்தன.